அறுக்காத ரொட்டி கிடைக்கும் கடை: மதுரை அரசரடி விறகடுப்பு பேக்கரி

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து எல்லாரும் அப்பம் பகிரும் ஆராதனை. அதற்கு அப்பம் வாங்கிக் கொடுப்பது 8 வருஷமாக என் பொறுப்பு. கத்தோலிக்கரின் பெரிய கோயிலில், அதாவது கிழக்கு வெளி வீதி தூய மரியன்னை பேராலயத்தில், புளிப்பில்லாத மெல்லிய கோதுமை அப்பம் கொடுப்பார்கள். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் புளித்த மாவில் சுட்ட முழு ரொட்டி. ஆயர் எல்லார் கண் முன்னாலும் அதைப் பிட்க வேண்டும். இந்தக் கடையை அந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் திருவிருந்துக்கு வேறொரு கடையில் வாங்கினேன். அவசரமாகக் கவரைப் பிரித்துத் தட்டில் வைத்து வெள்ளைத் துணியால் மூடிவிட்டேன். மெஷினில் அறுத்த ரொட்டி. துண்டுகள் ஒட்டியே இருந்ததால் கண்ணில் படவில்லை. ஆயர் கையில் தூக்கியதும் மூன்று துண்டு சரிந்து பீடத்தில் விழுந்தது. அவர் நிதானமாக எடுத்துச் சேர்த்துவிட்டுத் தொடர்ந்தார். ஆராதனை முடியும்வரை நான் தலை நிமிரவில்லை.

ரொட்டிதானே என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படி விட முடியவில்லை. "அந்த ஒரே அப்பத்தில் நாமெல்லாரும் பங்குபெறுகிறபடியால்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். கடையிலேயே துண்டு துண்டாகப் போனது எப்படி ஒரே அப்பமாகும்? சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும் எங்கள் சபையில் ஒரே வரிசையில் முழங்கால் போடுகிறார்கள். ஒரே ரொட்டியிலிருந்து கிழிந்த துண்டு இருவர் உள்ளங்கையிலும் விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடைக்கு வந்தேன். பலகையில் எழுத்து அழிந்துவிட்டது. விறகடுப்பு பேக்கரி என்று கேட்டால் காட்டுவார்கள். மாஸ்டரிடம் பால், முட்டை, சீனி எதுவும் வேண்டாம் என்றேன். மாவு, உப்பு, ஈஸ்ட், தண்ணீர் மட்டும். "அப்ப நேரம் குடுங்க டீச்சர், ராத்திரி பூரா மாவு கெடக்கணும்" என்றார். ஏன் அறுக்கக் கூடாது என்று கேட்டார், சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாவும் அப்பிடித்தான் டீச்சர். பெசஞ்ச பெறகு எது எந்த மூட்டைன்னு பிரிக்க முடியுமா?" என்றார். மலைகளின்மேல் சிதறிக் கிடந்தது ஒன்றுசேர்ந்து ஒரே அப்பமானது போல என்று ஆதித் திருச்சபையின் ஜெபம் ஒன்று உண்டு. அதை அவர் கேட்டிருக்க வழியில்லை. அடுப்பு முன்னால் நின்றபடி எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ரொட்டி வட்டமாக, சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். மேல்தோல் கருப்பட்டி நிறம். அடியில் விரலால் தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம் வரும். பிட்கும்போது தோல் சன்னமாக நொறுங்கும், உள்ளே இழை இழையாக இழுத்துக்கொண்டு பிரியும். தூள் அதிகம் உதிராது. "மீதியான துணிக்கைகளைச் சேர்த்து வையுங்கள்" என்ற இயேசுவின் பந்திக்கு அது முக்கியம். சுமார் 700 கிராம், 140 ரூபாய். 120 பேருக்குத் தாராளமாகக் காணும்.

எங்கள் அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம். அவர்களுக்கு ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. "ஜீவ அப்பம் நானே" என்று வாசித்தால் பணியாரத்தை நினைத்துக்கொள்வார்கள். ஆனால் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் நம் தமிழ் வேதாகமம் அப்பம் என்று போடாமல், "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்று போட்டிருக்கிறது. அந்த வரியைக் கேப்பைக்களி வட்டிலுக்கு முன்னால் சொல்லிவிட்டு, முதல் உருண்டையைப் பிட்டு எனக்குத்தான் தருவார்கள். இந்த ரொட்டியை அவர்கள் கையில் ஒரு தடவை கொடுக்க முடியாமல் போயிற்று.

குறையும் உண்டு. மழை நாளில் விறகு ஈரமாக இருந்தால் அடி கருகிவிடுகிறது, இரண்டு முறை எனக்கு அப்படி வந்தது. போனில் ஆர்டர் எடுக்க மாட்டார்கள். கிரீம் பன் திகட்டும். தேங்காய் பன் நன்றாக இருக்கும்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் நேரில் போய்ச் சொல்லவேண்டும். ஞாயிறு காலை 6 மணிக்குச் சூடாகக் கிடைக்கும். கல்லாவில் இருக்கும் தம்பி, சுற்றித் தரும் பேப்பரில் பேனாவால் எழுதியே வைத்திருப்பார்: "கோயிலுக்கு. அறுக்காதே."