இரண்டு டிஸ்க் பெட்டியும் நாலரை வருடமும்

தேவகோட்டை நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணே, போட்டோ போட்டு வைக்க ரெண்டு டிஸ்க் பெட்டி ஒண்ணு வச்சிருக்கீகளே, நானும் வாங்கலாமா?" ஒரு மாதம் முன்பு கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றிருப்பேன். இப்போது அதன் மேல் எனக்குக் கோபம். பேசினால் திட்டத்தான் வரும் என்பதால் எழுதுகிறேன்.

இதை நாஸ் என்பார்கள், வீட்டு நெட்வொர்க்கில் இணைந்து கோப்புகளைச் சேமித்துத் தரும் பெட்டி. அவருக்கு அது தெரியும். என்னுடையதில் 4 டிபி டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். நாலரை வருடத்தில் ஒரு படம்கூட அதனால் போகவில்லை. இது சத்தியம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதில் பெரும்பகுதி அது போடும் பீப் சத்தம் பற்றித்தான்.

கரண்டு போய் வந்தால் பீப். தூசி அடைத்து ஃபேன் நின்றால் பீப். டிஸ்க் செத்தாலும் அதே பீப், அதே சுருதியில். எங்கள் வீடு பங்காளிகள் சேர்ந்திருக்கும் பழைய வீடு. பெட்டி இருப்பது என் உள்வீட்டில், ஆனால் சத்தம் வளவு, அதாவது நடுமுற்றம், முழுக்கக் கேட்கும். இரவு இரண்டு மணிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பெரியாத்தா குரல் கொடுப்பார்: "யாரோ செல்லை வளவுல போட்டுட்டுப் போயிட்டாக, எடுக்கச் சொல்லுப்பா!" நான் எழுந்து போய்ப் பட்டனை அமுக்கிவிட்டு வருவேன். யுபிஎஸ் வைத்திருக்கிறேன், பேட்டரி புதிதாக இருக்கும்வரை அது தாங்கும். எங்கள் ஊர்க் கோடையில் பேட்டரி எத்தனை நாள் புதிதாக இருக்கும்?

சத்தத்தை அமைப்புகளில் போய் நிறுத்திவிடலாம்தான். நிறுத்திவிட்டால் டிஸ்க் போகும்போது யார் சொல்வார்? அதனால் நிறுத்தவில்லை. நிறுத்தாமல் என்ன லாபம் கண்டேன் என்பதுதான் கதை. போன மாதம் ஒரு சாயங்காலம் கரண்டு போய் வந்தது. பீப். வழக்கம்போல் அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். நாலாம் நாள் படம் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் பார்க்கிறேன், இரண்டாவது டிஸ்க்கின் விளக்கு ஆரஞ்சில் எரிகிறது. மூன்று நாளாக ஒற்றைக் காலில் நின்றிருக்கிறது பெட்டி. புலி வருது கதைதான், ஆனால் இதில் கத்திய பையன் மேல் குற்றமில்லை, அவனுக்கு ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் குற்றம்.

புது டிஸ்க் போட்டதும் மற்றதிலிருந்து எல்லாவற்றையும் எழுதி முடிக்க ஒன்பது மணி நேரம் ஆனது. மிச்சமிருந்ததும் அதே நாளில் அதே கடையில் வாங்கிய ஜோடி. அண்ணன் போன வழியில் தம்பியும் போய்விட்டால் என்ன செய்வது என்று இரவு முழுக்க விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உண்மையில் போயிருந்தாலும் படம் போயிருக்காது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில் என்று சொல்வார்களே, அதை ஒருமுறை பட்டுத்தான் கற்றேன். இரண்டாம் வருடம் பிள்ளையார் நோன்புப் படங்கள் இருந்த ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தேன். பெட்டி மிக விசுவாசமாக இரண்டு டிஸ்க்கிலும் அழித்தது. விளக்கு வெளிச்சத்தில் ஆத்தா இழை (மாவில் நூல்திரி வைத்து ஏற்றியது) எடுத்துக்கொள்ளும் படம் அதில்தான் இருந்தது. காப்பாற்றியது ஒரு சாதாரண வெளி டிஸ்க். பர்மாவிலிருந்து வந்த பாட்டனார் காலத்து இரும்புப் பெட்டிக்குள், பத்திரக் கட்டுகளோடு அது கிடந்தது. இப்போது இன்னொன்று சென்னையில் தம்பி வீட்டில் இருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் எடுத்து வந்து நிரப்பிக்கொண்டு போவான்.

அடுக்கி வைப்பதில் மட்டும் நான் எதிர்பாராத ஒரு சந்தோஷம். டிஜிகேம் என்ற இலவச மென்பொருள் வைத்திருக்கிறேன். முகம் பார்த்துப் பெயர் கேட்கும். நகரத்தாரான எங்களிடம் தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர்தான். சிதம்பரம், மெய்யப்பன், லெட்சுமணன் என்று நாலைந்து பெயரையே சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறோம். ஸ்கேன் செய்த அப்பாவின் பழைய கருப்புவெள்ளைப் படத்தைக் காட்டி, அண்ணன் மகன் பெயரைச் சொல்லி இவரா என்று கேட்டது. இல்லை என்று எப்படிச் சொல்வது? பெயர் அதுதான், மூக்கும் அதுதான்.

குழப்பம் தீர விலாசத்தை, அதாவது குடும்ப முன்னெழுத்துகளை, எடுத்தேன். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் வரிசையாக முன்னெழுத்துப் போடுவோமே, அதுவேதான் குறிச்சொல். மேல்கிளையில் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என எங்கள் பிரிவுகளான ஒன்பது கோயில், கீழே ஊர், அதன் கீழே விலாசம், கடைசியில் ஆள். இந்த மரம் மென்பொருளில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. குறிச்சொற்களைப் படத்தின் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற குட்டிக் கோப்பில் எழுதச் சொல்லியிருக்கிறேன். நாளை வேறு மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும். முன்னோருக்குப் படைக்கும் ஒரு படைப்பு வீட்டில் எடுத்த நானூறு படத்தில் பெரியாத்தா கேட்ட ஒன்றை அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குப் பீப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொரு சில்லறைக் குறை. சுவர் கனத்தில் வைஃபை முகப்பைத் தாண்டாது. வளவுத் தூண்களை ஒட்டி முப்பது மீட்டர் லேன் கேபிள் இழுத்தேன். இப்போது எங்கள் வளவை எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அந்த நீலக் கயிறு வருகிறது.

நண்பரிடம் முடிவாகச் சொன்னது: வாங்காதீர்கள், இரண்டு வெளி டிஸ்க்கும் ஓர் இரும்புப் பெட்டியும் போதும். "அப்ப உங்களதை எனக்குக் குடுத்துருங்கண்ணே, பாதி விலைக்கு எடுத்துக்கிறேன்" என்றார். கொடுக்க முடியாது என்றேன்.