டூயல் பூட் டேப்லெட் வாங்கப் போகிறீர்களா? முதலில் கீபோர்டைக் கழற்றச் சொல்லுங்கள்

இந்தக் காற்று சீசன் தொடங்கும்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பழைய ரக்டு டேப்லெட் வாங்கினேன். பத்து இன்ச் திரை, சுற்றிலும் தடித்த ரப்பர், கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது. எனக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை. கன்ட்ரோலருக்கான மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். அதிர்வைப் பதிவு செய்ய நாங்கள் எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்ட்கள் லினக்ஸில். இரண்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோபுரம் ஏற முடியாது. “ரெண்டு ஓஎஸ்ஸும் போட்டுத் தர்றோம்ணே” என்றார்கள். ஒரே கருவியில் இரண்டு ஓஎஸ், அதுதான் டூயல் பூட். டேப்லெட் 38,000 ரூபாய், லினக்ஸ் வகையான உபுண்டு போட 2,500.

கடைப் பையன் ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகினான். ஆரோ கீயைத் தட்டி உபுண்டு, ரீஸ்டார்ட் செய்து விண்டோஸ் என்று இரண்டையும் காட்டினான். நானும் தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்துவிட்டேன். அந்தக் கீபோர்டு கடைக்குச் சொந்தமானது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

முதல் நாளே சைட்டில் ஒரு மில் நின்றுவிட்டது. கோபுரத்தடியில் டேப்லெட்டை ஆன் செய்தால், கறுப்புத் திரையில் எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு. முதல் வரி உபுண்டு, கடைசி வரி விண்டோஸ். விரலால் தொட்டேன், அசையவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். வால்யூம் பட்டனையும் அமுக்கிப் பார்த்தேன். கீழே 10, 9, 8 என்று எண்ணிக்கை இறங்கி, தானாக உபுண்டு ஓடத் தொடங்கியது. ஆறு தடவை செய்தேன், ஆறு தடவையும் உபுண்டுதான். காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிற நேரத்தில் மில் சும்மா நிற்கிறது.

கிரப்புக்குத் தொடுதிரை என்றால் என்னவென்றே தெரியாது. கீபோர்டு இல்லாத கருவியில் அதைப் போட்டால் இப்படித்தான் ஆகும். இதைத் தொழிலாகச் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

கடைக்குப் போன் போட்டால், “ஒரு கீபோர்டு வாங்கி வச்சுக்கங்கண்ணே” என்று பதில்.

சரி என்று ஆபீஸ் கீபோர்டைக் கொண்டுவந்து செருகினேன். அப்புறம் நடந்ததில் என் தப்பும் உண்டு. கருவியின் அடிப்படை செட்டிங்ஸான பயாஸுக்குள் போய் விண்டோஸை முதலில் வைத்தவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் அணைந்திருந்ததைப் பார்த்து, பாதுகாப்புதானே என்று அதையும் ஆன் செய்தேன். அடுத்த முறை ஆன் செய்ததும் நீலத் திரை: டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டது, 48 இலக்கம். செக்யூர் பூட்டை மாற்றினால் பிட்லாக்கர் இப்படிக் கேட்பது வழக்கம்தான். ஆனால் என்னிடம் கீ ஏது? கடையில் விண்டோஸை அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டப் செய்திருக்கிறார்கள். கீ போய் உட்கார்ந்திருப்பது அந்தக் கணக்கில். கேட்டதற்கு, “சர்வீஸ் சார்ஜ் 1,500 ஆகும்.” என் டேப்லெட்டைத் திறக்க நான் அவர்களுக்குக் காசு தர வேண்டும்!

நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு 700 கிலோமீட்டர். போய்ச் சண்டை போட நேரமில்லை, ஜிபே செய்தேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் கீ வந்தது.

இன்னொன்று. உபுண்டு கருவியின் கடிகாரத்தை யூடிசி (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) என்று படிக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எழுதும். சிக்னல் இல்லாத சைட்டில் காலை 10 மணிக்கு எடுத்த அதிர்வுப் பதிவில் பிற்பகல் 3.30 என்று விழுந்திருந்தது. உபுண்டுவில் நேரத்தை அமைக்கும் டைம்டேட்சிடிஎல்லில் ஒரே வரிக் கட்டளையில் சரியாகிவிடும் விஷயம். கடையில் அதையும் செய்யவில்லை.

இப்போது நண்பர் ஒருவர் கிரப்பை ஒதுக்கிவிட்டு, அதே வேலையைச் செய்யும் ரீஃபைண்ட் என்ற வேறொரு மெனுவைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதன் கான்ஃபிக் ஃபைலில் டச் வசதி அணைந்தே இருக்கும், நாம்தான் ஆன் செய்ய வேண்டும். எல்லா டேப்லெட்டின் ஃபர்ம்வேரும் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அதற்கு ஒத்துழைக்காது, என்னுடையது ஒத்துழைத்தது. பெரிய ஐகான்கள், விரலால் தொட்டால் போதும். விண்டோஸ் கணக்கையும் என் பெயருக்கு மாற்றி, பழைய கீ செல்லாதபடி பிட்லாக்கரை அணைத்து மறுபடி போட்டுவிட்டோம்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே கீபோர்டைக் கழற்றச் சொல்லி, முழுக்க ஆஃப் செய்து ஆன் செய்து, உங்கள் விரலாலேயே இரண்டு ஓஎஸ்ஸையும் திறந்து பாருங்கள். விண்டோஸ் யாருடைய ஈமெயிலில் இருக்கிறது என்று செட்டிங்ஸில் பாருங்கள். பில்லில் டூயல் பூட் என்று எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் “டேப்லெட் 1” என்று மட்டும்தான் இருக்கிறது. அந்த 1,500-க்கு அதுவும் இல்லை.