கியர் விழவில்லை என்றதும் கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள்: சேலத்தில் நான் இழந்த 23,400 ரூபாய்

கடந்த ஜூன் மாதம் சேலத்தில் ஒரு கார் பட்டறையில், செய்யாத வேலைக்கு 23,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த ஏமாற்று எந்த ஊரிலும் நடக்கக்கூடியது என்பதால், நடந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

என்னுடையது ஒன்பது ஆண்டுகளில் 84,000 கிலோமீட்டர் ஓடிய சிறிய டீசல் கார். மே மாதக் கடைசியில், காலையில் வண்டியை வெளியே எடுக்கும்போது ரிவர்ஸ் கியர் கரகரவென்று சத்தமிட்டுக்கொண்டு விழத் தொடங்கியது. சில நாள்களில் முதல் கியரும் முரண்டு பிடித்தது. கிளட்ச் பெடலை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்த பிறகு போட்டால் மட்டும் தடையில்லாமல் விழுந்தது. ஐந்து ரோடு சிக்னலில் ஒருநாள், கிளட்சைத் தரையோடு அழுத்தியபடி முதல் கியரில் காத்திருந்தேன். பிரேக்கிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்தியதும் கார் தானாகவே ஊர்ந்து, முன்னால் நின்ற ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டை ஒரு சாண் தூரத்துக்கு நெருங்கிவிட்டது. இந்த அறிகுறிகள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது. பட்டறைக்காரருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

அவர் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, போனட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், "கிளட்ச் பிளேட் முடிஞ்சிருச்சு சார், சிங்க்ரோ ரிங்கும் போயிருக்கு, கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆகணும்" என்றார். சிங்க்ரோ ரிங் என்பது, கியர் மாற்றும்போது உள்ளே சுழலும் பாகங்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம். அந்த வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஏற்காடு போவதாக நான் வாய் தவறிச் சொல்லியிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் கியர் விழாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டதும், யோசிக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வண்டி கைக்கு வந்தபோது கியர் விரலால் தள்ளினாலே விழுந்தது. ஜி.எஸ்.டி. எண் இல்லாத ஒரு துண்டுத்தாளில் கிளட்ச் செட், சிங்க்ரோ ரிங், கியர் ஆயில், கூலி என்று கையால் எழுதி, கூட்டுத்தொகையை மட்டும் வட்டமிட்டிருந்தார். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். "பழைய இரும்புக்காரன் இப்பத்தான் எடுத்துட்டுப் போனான் சார்" என்றார். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். கியர் நன்றாக விழுந்த மகிழ்ச்சியில் பணத்தை அனுப்பிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அதே கரகரப்பு திரும்பியது. புது பிளேட் படிய நாளாகும் என்று முதல் அழைப்பில் சமாதானம் சொன்னவர், அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

உறவினர் ஒருவர் என்னைச் சங்ககிரிக்கு அழைத்துப்போனார். லாரிப் பட்டறைகளில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் முதலில் என்னை இன்ஜினை அணைக்கச் சொன்னார். அணைத்த நிலையில் ஒன்று முதல் ரிவர்ஸ் வரை எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தேன். எல்லாமே இலகுவாக விழுந்தன. மறுபடி ஸ்டார்ட் செய்து கிளட்சை மிதித்துப் போட்டால் ரிவர்ஸ் கரகரத்தது. "கியர் பாக்ஸ் கெட்டிருந்தா அணைச்சப்பவும்ல முரண்டு பண்ணியிருக்கணும் தம்பி? கிளட்ச் முழுசா விடல, அவ்வளவுதான்" என்றார். பெடலை மிதித்ததும் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் பிரிக்க வேண்டிய கிளட்ச் முழுதாக விடுபடாததால், இன்ஜினின் சுழற்சி கியர் பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. சிக்னலில் கார் ஊர்ந்ததும் அதனால்தான். பிளேட் தேய்ந்திருந்தால் நடப்பது இதற்கு நேர்மாறானது: கியர் சாதாரணமாக விழும், ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் மட்டும் அலறும், வேகம் ஏறாது.

பிறகு போனட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் அந்த ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. கிளட்சுக்குப் போகும் குழாய் சற்று மேலே இருப்பதால், ஆயில் குறையும்போது முதலில் திணறுவது கிளட்ச்தான். என் காரில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. பெடலை மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் சிறிய உருளைதான் ஸ்லேவ் சிலிண்டர். கியர் பாக்ஸுக்கு வெளியே பொருத்தியிருந்த அதன் ரப்பர் உறையை அவர் விரலால் விலக்கியதும், உள்ளே தேங்கியிருந்த ஆயில் சொட்டுச் சொட்டாக வடிந்தது. உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து, ஆயில் கசிந்து, காற்று புகுந்திருக்கிறது. காற்று அமுங்கிக்கொள்வதால் ஒரே மிதியில் போதிய அழுத்தம் சேரவில்லை; பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தபோது கியர் விழுந்ததன் காரணமும் இதுவே. முதல் பட்டறையில் ஆயிலை நிரப்பி, காற்றை வெளியேற்றி அனுப்பியிருக்கிறார்கள். கசிவை அப்படியே விட்டதால் அந்த வேலை பன்னிரண்டு நாள் தாங்கியது.

இதுவரை கவனக்குறைவு என்றுகூட மன்னித்திருப்பேன். பெரியவர் காரை உயர்த்தி, டார்ச் அடித்து அடிப்பக்கத்தைக் காட்டியபோதுதான் வயிறு எரிந்தது. கியர் பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் போல்ட்டுகளின் மேல் பல வருடச் சேறு கல்லாக இறுகிக் கிடந்தது. ஒன்றில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. முன்சக்கர ஆக்ஸில் நட்டுகளும் ஒரே சீராகத் துருப்பிடித்திருந்தன. அவற்றைக் கழற்றாமல் என் காரில் கியர் பாக்ஸ் இறங்காது என்றார். பன்னிரண்டு நாள் முன்பு புதிதாக ஊற்றியதாகச் சொன்ன கியர் ஆயில் தார் போலக் கறுத்திருந்தது.

நான் பெடலை மிதித்துப் பிடிக்க, பெரியவருடைய பேரன் கீழே படுத்து, காற்றை வெளியேற்றுவதற்கான நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, அதைத் திறந்து மூடினான். குழாயின் மறுமுனை இருந்த பாட்டிலில் குமிழிகள் நின்று, ஆயில் மட்டும் வரும்வரை ஏறக்குறைய கால் மணி நேரம் இதைச் செய்தோம். புதிய ஸ்லேவ் சிலிண்டர், பிரேக் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய்.

கியர் பாக்ஸை இறக்கச் சொல்லும் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் உள்ளேயே, கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து இருக்கும். அதை மாற்ற கியர் பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும். குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் ஓட்டத்தில் கரகரத்தால் சிங்க்ரோ ரிங்கைச் சந்தேகிப்பது நியாயம். இன்ஜின் அணைந்திருக்கும்போதும் லிவர் இறுக்கமாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது லிவரை கியர் பாக்ஸோடு இணைக்கும் கேபிளையும் அதன் இணைப்பில் உள்ள புஷ்ஷையும்தான். இறக்குவது என்று முடிவானால், அவிழ்த்த நிலையில் நேரில் போய்ப் பாருங்கள். பழைய பாகங்கள் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே, பட்டறைக்காரரின் வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக அனுப்பி வையுங்கள். கிளட்ச் சரியாக விடாத வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தாலும் நல்ல சிங்க்ரோ ரிங்குகள் தேயும் என்பதால், தள்ளிப் போடவும் வேண்டாம்.

சேற்றோடு இருந்த போல்ட்டுகளின் படங்கள், துண்டுத்தாள், பணம் அனுப்பிய பதிவு, சங்ககிரி ரசீது ஆகியவற்றோடு, முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். அதில் பலன் இல்லாததால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். புகாரைத் திரும்பப் பெற்றால் 10,000 ரூபாய் தருவதாகப் பட்டறைக்காரர் தெரிந்தவர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினார். கிளட்ச் செட் வாங்கிய கடை ரசீதைக் காட்டினால் பேசலாம் என்று பதில் சொல்லியிருக்கிறேன். ரசீது இன்னும் வரவில்லை.