கடன் கொப்பியும் கோடிங் படிப்பும்: எந்த வழியில் போவது?

அக்காவின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். பெறுபேறு வர மாதக்கணக்காகும். வந்த பிறகும் கம்பஸ் கிடைக்கிறதா என்று தெரிய இன்னும் சில மாதம் போகும். திருகோணமலையில் கோடிங் கிளாஸ் நடத்துபவர்களுக்கு இதுதான் அறுவடைக் காலம். மதிலுக்கு மதில் நோட்டீஸ். போன மாதம் நாலைந்து நோட்டீஸைப் போனில் படம் பிடித்துக்கொண்டு உவர்மலையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தான். "மாமா, இதில எதில சேர?"

நான் வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு இணையத்தள வேலை செய்கிறவன். ஒரு காலத்தில் கிளாஸுக்குக் காசு கட்டியிருக்கிறேன். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்து பாதியில் விட்டிருக்கிறேன். யூடியூபில் எத்தனை இரவு போனதென்று கணக்கே இல்லை. அதனால் பதில் சொல்ல அனுபவம் உண்டு. நடுநிலையானவன் என்று மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

எதிலும் சேர முன் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். அத்தானுக்கு உப்புவெளியில் பலசரக்குக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு ஒரு கடன் கொப்பி கிடக்கும். அதிலுள்ள பெயர்களையும் தொகைகளையும் கொடுத்தால் வரவேண்டிய மொத்தக் கடனைக் காட்டுகிற ஒரு புரோகிராம் எழுதி வரச் சொன்னேன். பையன் பள்ளிக்கூடத்தில் ஐ.சி.டி என்கிற கணினிப் பாடம் படித்தவன், சாதாரண தரத்தில் பாஸ்கல், உயர்தரத்தில் பைத்தன் என்று இரண்டு கணினி மொழி தெரியும். பத்து வரி வேலைதான்.

மூன்றாம் நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். புரோகிராம் ஓடுகிறது. சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் ஊரே சேர்ந்து அத்தானுக்குத் தரவேண்டியது 850 ரூபாய் என்கிறது. அது கொப்பியில் கடைசியாக எழுதியிருந்த ஆளின் கடன்.

'மொத்தம் = 0' என்ற வரி லூப்புக்குள், அதாவது ஒவ்வோர் ஆளுக்கும் திரும்பத் திரும்ப ஓடுகிற பகுதிக்குள், இருந்தது. (மாறிக்கு, அதாவது தொகையைப் போட்டு வைக்கிற பெட்டிக்கு, தமிழிலேயே பெயர் வைத்திருந்தான், பைத்தன் 3 அதை முகம் சுளிக்காமல் ஏற்கும்.) ஒவ்வோர் ஆளாகச் சுற்றி வரும்போதும் அதுவரை கூட்டியதை அழித்துவிட்டு மறுபடி பூச்சியத்தில் தொடங்கியிருக்கிறது. ஒரு வரி லூப்புக்கு உள்ளேயா வெளியேயா என்பதைப் பைத்தனில் தீர்மானிப்பது அந்த வரிக்கு முன் விடுகிற வெற்றிடம். லூப்புக்கு மேலே இருக்கவேண்டிய வரி நாலு தட்டு வெற்றிடத்தோடு உள்ளே போனதில் இரண்டு நாள் போய்விட்டது.

இந்த 850ஐ வைத்தே எல்லா வழியையும் நிறுத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பாடம் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: மாறி, நிபந்தனை, லூப், பட்டியல், ஃபங்ஷன். இப்படி முட்டி நிற்கும்போது யார் வந்து பார்க்கிறார்கள் என்பதில்தான் இடத்துக்கு இடம் வித்தியாசம்.

முதலில் டவுன் கிளாஸ். படிப்பிக்கிற சேர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்; கிளாஸின் பலமே அதுதான். நல்ல சேர் என்றால் 850ஐப் பார்த்த பத்து விநாடியில் பிழையைக் கண்டுபிடிப்பார். அதைவிட நல்ல சேர் கண்டுபிடித்தும் வாய் திறக்காமல், "மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் மொத்தத்தை பிரின்ட் பண்ணிப் பார்" என்பார். அந்த ஒரு வசனத்துக்கே மாதக் காசு கொடுக்கலாம்.

ஆனால் அப்படி ஒருவர் உள்ளே இருக்கிறாரா என்பது நோட்டீஸில் தெரியாதே. நான் போன கிளாஸில் முதல் மாதம் முழுக்க கணினியின் தலைமுறைகளைக் கொப்பியில் எழுதினோம், வெற்றிடக் குழாயிலிருந்து. இரண்டு பேருக்கு ஒரு கொம்பியூட்டர். விசைப்பலகை எப்போதும் மற்றவன் பக்கம்தான் இருந்தது. கடைசியில் 'மாணவர் முகாமைத்துவ முறைமை' என்று ஒரு புரொஜெக்ட். சேர் பென்டிரைவில் தந்ததை எல்லோரும் பெயர் மாற்றிக் கொடுத்தோம், எல்லோரும் சித்தி. அம்மா சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினா. நான் போன நேர்முகம் ஒன்றிலும் யாரும் அதைக் கேட்கவில்லை.

எனவே காசு கட்ட முன் ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விட மாட்டோம் என்றால் அதுவே ஒரு பதில். கொம்பியூட்டருக்கு எத்தனை பேர், பிள்ளைகள் தாங்களே எவ்வளவு நேரம் தட்டுகிறார்கள், போன பிரிவு செய்த புரொஜெக்ட்டுகள் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். எல்லாப் புரொஜெக்ட்டும் ஒரே சாயலில் இருந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வரலாம். சான்றிதழ்தான் முக்கியம் என்றால் என்.வி.கியூ என்கிற தேசியத் தொழிற்தகைமைத் தரம் உள்ளதா என்று பாருங்கள், வெறும் வண்ணக் காகிதம் வேண்டாம். தூரத்துப் பிள்ளைகளுக்கு பஸ் நேரமும் ஒரு செலவு. 2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியாப் பிள்ளைகள் பாதைப் படகுக்குக் காத்துக் கிடப்பதில்லை, சரி. என்றாலும் மூதூரிலிருந்து ஒன்றரை மணி நேரக் கிளாஸுக்கு வந்து போவது அரை நாள் வேலை.

அடுத்தது இலவச ஒன்லைன் பாடங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிமுகப் பாடமான சி.எஸ்.50 என்ற பெயரை எல்லோரும் சொல்வார்கள். அதன் ஆசிரியர் டேவிட் மலான் மேடையில் கற்பிப்பது கூத்துப் பார்ப்பதுபோல் இருக்கும். தொடக்கம் ஸ்க்ராச்; கட்டைகளை இழுத்துப் பொருத்தும் விளையாட்டு. அடுத்த வாரமே சி மொழிக்குள் தூக்கிப் போட்டு, நினைவகத்தில் எது எங்கே கிடக்கிறது என்பது வரை இழுத்துக்கொண்டு போய், பிறகுதான் பைத்தனைக் கண்ணில் காட்டுவார். கடினம்தான், ஆனால் முடித்தவன் 850ஐக் கண்டு பதற மாட்டான். மாறிக்குள் இந்தக் கணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் வந்துவிடும். பயிற்சிகளையும் இறுதிப் புரொஜெக்ட்டையும் முடித்தால் சான்றிதழும் இலவசம். காசு கேட்பது எட்எக்ஸ் என்ற ஒன்லைன் பாடத் தளம் தருகிற வேறொரு சான்றிதழுக்கு.

ஆனால் பெரும்பாலான விரிவுரைகள் இரண்டு மணி நேரம் அளவு போகும். 480 தரத்தில் பார்த்தாலும் மணிக்கு அரை ஜிபி வரை இழுக்கும். பதினொரு விரிவுரையையும் கூட்டினால் 10 ஜிபி அளவுக்குப் போகலாம். பயிற்சி செய்கிற எடிட்டரும் பிரவுசருக்குள்தான், இணைப்பு இல்லாவிட்டால் தட்ட முடியாது. வீட்டில் ஃபைபர் உள்ளவனுக்கு இதெல்லாம் ஒரு கதையா? ரீலோட் போட்டு, நள்ளிரவுக்குப் பின் வருகிற இரவு டேட்டாவுக்காக அலாரம் வைத்து எழும்புகிறவனைக் கேட்க வேண்டும்.

அவனுக்கு ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசத் தளம் ஏற்றது. 2014இல் தொடங்கியது, பெரும்பாலும் எழுத்தும் பயிற்சியும்தான், டேட்டா அவ்வளவாகத் தின்னாது. தொடக்கத்திலேயே பூனைப் படங்களுக்கு ஒரு பக்கம் செய்யவைப்பார்கள். எழுதிய வரி சரியா பிழையா என்று உடனே சொல்லும். கைபிடித்து நடத்துவது சுகம், ஆனால் கையை விட்டதும் தடுமாறுவோம். அங்கே எல்லாப் படியையும் பச்சையாக்கியவன் அத்தான் கடைக் கணக்கை வெறும் திரையில் தொடங்கச் சொன்னால் முதல் வரியிலேயே நிற்பான். நம் நாட்டிலேயே மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பைத்தன் அரிச்சுவடியிலிருந்து இணையத்தள வேலை வரை ஒரு இலவச ஒன்லைன் பாடவரிசை தருகிறது. கவர்ச்சி குறைவு, ஒழுங்கு அதிகம். எனக்குப் பிடித்தது அதுதான்.

இவை மூன்றும் ஆங்கிலம். பாடத்தைவிட, சிக்கும்போது கேள்வி கேட்பதுதான் பாடு. நம் பிள்ளைகள் வாசிப்பார்கள், விளங்கிக்கொள்வார்கள். முன்பின் தெரியாத ஆட்களிடம் ஆங்கிலத்தில் எழுதிக் கேள் என்றால் வெட்கத்தில் பின்வாங்குவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

தமிழ் யூடியூப்? விளக்கம் வேண்டும் என்றால் நல்லது. தமிழ்நாட்டுக்காரர் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். நமது பாடப்புத்தகம் 'பாய்ச்சற்கோட்டுப் படம்', 'போலிக்குறிமுறை' என்று கற்பித்ததை அவர்கள் ஃப்ளோசார்ட், சூடோகோட் என்பார்கள். இரண்டு நாளில் பழகிவிடும். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிந்ததுபோல் ஒரு மயக்கம் வரும். கடலைப் பார்த்து யார் நீந்தப் பழகினார்கள்? 850ஐக் காணொளியிடம் காட்டவும் முடியாது.

பட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது வேறு சந்தை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே கணினி விஞ்ஞானம் இருக்கிறது, அனுமதிக்குத் தேவையான இசட் புள்ளி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கிடைக்காதவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்துகிற, 2000இல் தொடங்கிய பி.ஐ.டி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் உண்டு. மூன்று வருடம், இடையில் நிறுத்தினாலும் முதல் வருடத்துக்கு டிப்ளோமா, இரண்டாம் வருடத்துக்கு உயர் டிப்ளோமா என்று கையில் ஏதாவது மிஞ்சும். பரீட்சை ஆங்கிலத்தில். நான் விட்டதற்கு ஆங்கிலம் காரணமில்லை. கூடப் படிக்க இந்த ஊரில் எனக்கு ஒருவரும் அமையவில்லை, அவ்வளவுதான். அரச வேலை, வெளிநாட்டு விசா என்று யோசிப்பவர்களுக்குப் பட்டத்துக்குப் பதிலாக வேறொன்றும் நிற்காது. கோடிங் கை வருவது மட்டும் அதற்குள் தானாக நடப்பதில்லை.

மிச்சம் இருப்பது இப்போது எல்லோர் கையிலும் உள்ள ஏ.ஐ. 850 புரோகிராமை அப்படியே ஒட்டினால் சட்ஜிபிடி ஐந்து விநாடியில் திருத்தித் தரும், தமிழில் விளக்கமும் சொல்லும். இரவு இரண்டு மணிக்கும் அலுக்காது, முட்டாள்தனமாகக் கேட்டாலும் சிரிக்காது. வெட்கப்படுகிற பிள்ளைகளுக்கு இது பெரிய வரம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் திருத்தியதை வாங்கி ஒட்டிவிட்டு நடந்தால், அடுத்த கிழமை அதே பிழை வேறு உடுப்புப் போட்டு வரும். சி.எஸ்.50காரர்கள் தங்கள் பாடத்துக்கென்று வைத்திருக்கும் ஏ.ஐ ஒரு வாத்து. விடையைத் தராமல் திருப்பிக் கேள்வி கேட்கும்படி அதைப் பழக்கியிருக்கிறார்கள். மேசையில் ரப்பர் வாத்தை வைத்து, அதற்குத் தன் கோடை வரிவரியாக விளக்கிப் பிழை பிடிப்பது புரோகிராமர்களின் பழைய வழக்கம்.

எங்கள் வீட்டில் வாத்து இல்லை, அம்மா இருந்தா. அவனை வரிவரியாகச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். "முதல் ஆளை எடுக்கிறன். மொத்தத்தைப் பூச்சியம் ஆக்கிறன். அவரின்ர கடனைக் கூட்டுறன். அடுத்த ஆளை எடுக்கிறன். மொத்தத்தைப் பூச்சியம்..." பக்கத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, இருபது வருடம் சீட்டுப் பிடித்த ஆள், தலை நிமிராமலே கேட்டா: "கூட்டினதை ஏன் தம்பி திருப்பித் திருப்பி அழிக்கிறாய்?"

அவன் அந்த வரியை லூப்புக்கு மேலே ஏற்றி, நாலு வெற்றிடத்தையும் அழித்தான். மொத்தம் சரியாக வந்தது.

கடைசியில் அவனுக்கு நான் சொன்னது இது. இப்போதைக்குக் கிளாஸ் வேண்டாம். மொறட்டுவைப் பாடத்தில் பைத்தனை முடி, பக்கத்திலேயே கடன் கொப்பியை வளர்த்துக்கொண்டு போ, ஞாயிறு பின்னேரம் என்னிடம் வா. ஏ.ஐயிடம் கேட்கலாம், "திருத்தித் தராதே, எந்த வரியைச் சந்தேகப்பட வேண்டும் என்று மட்டும் சொல்" என்று கேள். கம்பஸ் கிடைத்தால் போய்விடு. அவனிடம் பழைய லப்டொப் ஒன்று இருக்கிறது. பைத்தனை இறக்க முப்பது எம்பி அளவு போதும், பிறகு இன்டர்நெட் இல்லாமலே ஓடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்தில், பட்டரி இருக்கும் வரைக்கும் நான் வேலை செய்தது அப்படித்தான்.

மூதூரிலுள்ள அவனுடைய கூட்டாளிக்கு இதையே சொல்லவில்லை. அவனிடம் லப்டொப் இல்லை, கேட்க ஒரு மாமாவும் இல்லை. போனில் பைத்தன் ஓடும்தான். ஆனால் அடைப்புக்குறியைத் தேடித்தேடி விரல் தேயும், முதல் மாதத்துக்கு மேல் தாங்காது. அவன் கிளாஸுக்குப் போகட்டும், ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு. அரை நாள் பஸ்ஸில் போனாலும் அங்கே ஒரு கொம்பியூட்டரும் ஒரு சேரும் கிடைக்கும். அந்த சேர் முதல் மாதம் கணினியின் தலைமுறைகள் எழுதக் கொடுத்தால் மட்டும் எனக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு மருமகன் லப்டொப்பைக் கடைக்கே கொண்டுபோய் அத்தானுக்குக் காட்டினானாம். அத்தான் மொத்தத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஒரு பெயரில் விரலை வைத்து, "இவர் பாதியைக் காசாத் தருவார், மீதிக்குப் பாரை மீன் தருவார். அதை எங்க எழுதுற?" என்று கேட்டிருக்கிறார். இந்த ஞாயிறு அதோடுதான் வருகிறான்.