திருமலை ஆட்டோச் சுற்று: கோட்டை வாசலில் இறங்காமல் போகாதீர்கள்

திருகோணமலையில், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் "பழைய இடமெல்லாம் காட்டுவம்" என்று அரைநாள் சுற்றுக்கு விலை பேசுவார்கள். ஓட்டத்தில் குறையில்லை, நிறுத்தும் இடங்களில்தான் குறை. கோயில், இராவணன் வெட்டு, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்று வழமையான சுற்று முடிந்துவிடும். அழிந்துபோன திருமலையைத் தேடி வருபவருக்கு இது காணாது.

பெரிய இழப்பு, கோயிலுக்குப் போக நுழையும் பிரெட்ரிக் கோட்டை வாசலிலேயே நேர்ந்துவிடுகிறது. வண்டி நிற்காமல் நுழைந்து, மான்களைக் காட்டிக்கொண்டே மேட்டில் ஏறிவிடும். போர்த்துக்கேயர் 1622இல் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களையும் போட்டுக் கட்டிய கோட்டை இது. வாசல் நிலைக்கல்லில் இரட்டைக் கயல்மீன் சின்னமும், கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னனைப் பற்றி "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்குவதாக வாசிக்கப்படும் பாட்டும் இருக்கின்றன. வரித் தொடக்கங்கள் சிதைந்துவிட்டன, 'மு' போய் 'ன்னே' மட்டுமே மிச்சம். கீழே, போர்த்துக்கேயரைக் குறிக்கும் 'பறங்கி' என்ற சொல்லைத் தேடுங்கள். நேர் வெளிச்சத்தில் கல் வெறும் தட்டையாகத் தெரியும். கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சோக்கட்டி பூசவே கூடாது, கல் கெட்டுப்போகும். பத்து நிமிடம் போதும். ஆனால் ஏறும்போதே "அண்ணை, வாசல்ல இறக்கிவிடுங்கோ" என்று சொல்லிவிட வேண்டும். உள்ளே இராணுவம் இருப்பதால், படம் எடுக்க முன் காவலில் நிற்பவரிடம் கேளுங்கள்.

அடுத்து, புனித ஸ்தேவான் சேமக்காலை, ஆங்கிலேயர் காலத்துக் கல்லறைத் தோட்டம். கேட்டால்தான் கூட்டிப்போவார்கள். 1852இல் இறந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, இங்கேதான் கிடக்கிறார். எங்களுக்கு அவரைவிடப் பெரியவர் வானியல் ஆய்வாளர் பேர்சி மோல்ஸ்வேர்த். திருமலையில் சொந்தத் தொலைநோக்கி வைத்து, 1901 பெப்ரவரியில் வியாழன் கோளின் தென்பகுதியில் எழுந்த பெருங்கலக்கத்தை முதலில் கண்டவர். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் உண்டு, ஊரில் அவரைத் தெரிந்தவர் அருமை. 1908இல் இறந்தார். புல் வளர்ந்திருக்கும், மூடிய சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள்.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் சுற்றில் உண்டு என்பார்கள். ஒவ்வொன்றும் சுமார் 12,000 கன மீற்றர் கொள்ளும் 101 தாங்கிகளை ஆங்கிலேயர் கட்டினார்கள், இன்று 99 இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் விமானம் மோதி எரிந்த தாங்கியின் முறுகிய இரும்பைப் பார்க்க முன்அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் போனால் வெறும் காட்டுப் பாதை ஓட்டம்தான். ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் கடற்படைத் தளத்துக்குள், அதைக் காட்டுவதாகச் சொன்னால் நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

1660இல் ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட மூதூர்ப் பக்கத்தை இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள். கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய்வரவே பாதிநாள் போய்விடும். அதற்கு இன்னொரு நாள், இன்னொரு வாடகை பேசுங்கள்.