"மூணு நாள் மாட்டிப் பார்க்கிறேன்" என்று படத்தைக் கேட்டால் கொடுக்காதீர்கள்

வேலூர்ப் பக்கம் படம் வரைந்து விற்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

போன மாசியில் ஒரு லாட்ஜ் உரிமையாளர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ். கோட்டை அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண், வறண்ட பாலாறு என்று நான் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்ததில் நான்கு படங்களை எடுத்து வைத்து விலை கேட்டார்.

நான் சதுர அங்குலக் கணக்கில் விலை போடுகிறவன். 24க்கு 36 அளவு என்றால் 864 சதுர அங்குலம். 15 ரூபாய் வீதம் 12,960. கான்வாஸ், வண்ணம், ஃபிரேம் செலவு 3,500. படம் ஒன்றுக்கு ரவுண்டாக 16,500 என்றேன். (சின்னப் படத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. 8க்கு 10 படம் 1,200 ரூபாய்தான் வரும், வேலையோ இரண்டு நாள். அதற்கு நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அங்குலத்துக்கு 200 வைக்கிறேன்.)

"துணியும் பெயிண்டும் 3,500 தானே தம்பி, மீதி எதுக்கு?" என்றார். யாளித் தூணில் காலை வெயில் விழும் அந்த அரை மணி நேரத்துக்காகப் பதினொரு நாள் போய் உட்கார்ந்திருக்கிறேன். மீதி அதற்குத்தான். செலவைப் பிரித்துச் சொன்னது என் தப்பு. முழு விலையை மட்டும் சொல்லுங்கள், கணக்கு உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும்.

அப்புறம் "மூணு நாள் சுவத்துல மாட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று நான்கையும் எடுத்துப்போனார். ரசீது இல்லை, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நான்காம் நாள் ஆட்டோவில் திரும்பி வந்தன. விலை ஒத்துவரவில்லையாம். சரி என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் பெரியப்பா சிகிச்சைக்கு வந்து அதே லாட்ஜில் தங்கினார். பார்க்கப் போனேன். கட்டிலுக்கு மேலே என் அகழி! கிட்டே போனால் தூரிகைத் தடமே இல்லை, கான்வாஸில் அடித்த பிரிண்ட். மதில் மேல் வரைந்து பிறகு நான் அழித்த காக்கையின் சாம்பல் கறை அப்படியே இருந்தது. என் கையெழுத்து இருந்த ஓரத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள். எல்லா அறையிலும் இப்படித்தான் என்றான் ரூம் பையன். கீழே போய்க் கேட்டேன். "உன் படத்தைத்தான் திருப்பிக் கொடுத்தாச்சே" என்றார் உரிமையாளர்.

படத்தை விற்றாலே பதிப்புரிமை, அதாவது அதை நகல் எடுக்கும் உரிமை, கைமாறிவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதை எழுத்தில்தான் மாற்றிக் கொடுக்க முடியும். நான் படத்தையே விற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி வரையவைத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை 17ஆம் பிரிவின்படி பதிப்புரிமை அவருக்கே போகும். ஆர்டர் எடுக்கும்போது "பதிப்புரிமை வரைந்தவருக்கே" என்ற ஒரு வரியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிரிண்ட் போடும் உரிமை கேட்டால் அதற்குத் தனி விலை சொல்லுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. ராணிப்பேட்டையில் அவர் இன்னொரு லாட்ஜ் கட்டுகிறார் என்று கேள்வி. ஆற்காடு, ராணிப்பேட்டை நண்பர்களே, மாட்டிப் பார்க்கப் படம் கேட்டு யாராவது வந்தால் முழு விலையையும் முன்பணமாக வாங்காமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள்.