டிஸ்க் மவுண்ட் ஆகிறது, ஃபைல் திறக்கவில்லை: லினக்ஸில் நான்கு வழிகள், எது எப்போது

லினக்ஸில் சிடியோ டிவிடியோ போட்டு ‘பெர்மிஷன் டினைட்’ வந்தால், யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது சூடோ (ரூட், அதாவது அட்மின் அதிகாரத்தோடு ஓட்டும் கமாண்ட்) போடு என்பதுதான். அதிலும் சரியாகவில்லை என்றால், எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் சிஎச்மோட் 777. இரண்டாவது யோசனை வேலைக்கே ஆகாது, ஏனென்றால் ரைட் செய்து முடித்த டிஸ்க்கில் எதையும் மாற்றி எழுத முடியாது, ரூட்டே வந்து கேட்டாலும் ‘ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று திருப்பி அனுப்பிவிடும். முதல் யோசனை அதைவிட மோசம் என்பேன். மவுண்ட் ஆகிவிட்டதால், அதாவது டிஸ்க் ஒரு ஃபோல்டராக இணைந்துவிட்டதால், வேலை முடிந்த மாதிரி தெரியும், உள்ளே போனால் ஒரு ஃபோல்டரும் திறக்காது.

பெங்களூரில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் இப்போது இது அடிக்கடி வருகிறது. புது லேப்டாப்பில் டிஸ்க் டிரைவ் கிடையாது, எஸ்பி ரோட்டில் ஒரு யுஎஸ்பி டிவிடி ரைட்டர் வாங்கிக்கொண்டு வந்து, கல்யாண ஆல்பம், பாட்டு வகுப்பு ரெக்கார்டிங், பழைய ஆபீஸ் பேக்கப் என்று பரணில் கிடந்ததையெல்லாம் காப்பாற்ற உட்காருகிறார்கள். டிஸ்க் கெட்டுப்போவதற்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் எனக்கும் இதில் அக்கறை அதிகம். அதனால் இருக்கிற நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: கையால் சூடோ மவுண்ட், டெஸ்க்டாப் தானாகச் செய்யும் மவுண்ட், எஃப்எஸ்டேப் (எதை எங்கே எப்படி மவுண்ட் செய்வது என்று எழுதி வைக்கும் ஃபைல்) வரி, மவுண்டே வேண்டாம் என்று ஐஎஸ்ஓ இமேஜாக (முழு டிஸ்க்கின் நகல் ஒரே ஃபைலில்) எடுத்துப் பிரிப்பது.

ராமமூர்த்தி நகரில் இருக்கும் சித்தப்பாவின் டிஸ்க்கை வைத்தே ஆரம்பிக்கலாம். 2005 வாக்கில், ஃபெடோரா போட்ட மெஷினில் தன் ஹோம் ஃபோல்டரை அப்படியே ரைட் செய்து வைத்திருந்தார். இப்போது உபுண்டுவில் போட்டு, சூடோ மவுண்ட் கொடுத்து, /எம்என்டி-க்குள் போய்ப் பார்த்திருக்கிறார். “மவுண்ட் ஆயிடுச்சுப்பா, ஆனா ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது” என்று போன். ஃபைல்களின் ஓனரையும் பெர்மிஷனையும் காட்டும் எல்எஸ் மைனஸ் எல் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஓனர் பெயர் வர வேண்டிய இடத்தில் பெயரே இல்லை, வெறும் 500, பக்கத்தில் இன்னொரு 500. அங்கேயே விஷயம் தெரிந்துவிட்டது.

ஐஎஸ்ஓ 9660 என்ற அடிப்படை ஃபார்மேட்டில் யார் ஓனர், யார் படிக்கலாம் என்ற தகவல் வழக்கமாக இருக்காது. யுனிக்ஸ்காரர்கள் அதன் மேல் ராக் ரிட்ஜ் என்று ஒரு சேர்க்கையைப் போட்டுத்தான் ஓனர் எண்ணையும் பெர்மிஷனையும் டிஸ்க்கிலேயே பதிந்தார்கள். விண்டோஸ் பக்கத்து ஜோலியட் நீளமான பெயர்களை மட்டும் பார்த்துக்கொள்ளும், பெர்மிஷனைத் தொடாது. பழைய ரெட் ஹேட், ஃபெடோரா மெஷின்களில் முதல் யூசரின் எண் 500-இல் ஆரம்பிக்கும், உபுண்டு, டெபியனில் 1000. ஃபெடோராவும் 2011-இல் வந்த 16-ஆம் பதிப்பில் 1000-க்கு மாறிவிட்டது. ஆக, சித்தப்பாவின் டிஸ்க்கைப் பொறுத்தவரை அந்த ஃபோல்டர்கள் 500 என்ற ஆளுக்கு மட்டும் சொந்தம், இன்று 1000 என்ற எண்ணில் உட்கார்ந்திருக்கும் அதே சித்தப்பா அதற்கு வேற்று ஆள்.

சூடோ மவுண்ட் இந்த 500-ஐ அப்படியே விட்டுவிடும். மவுண்ட் செய்யும் அதிகாரத்தைத்தான் சூடோ கொடுக்கிறது, உள்ளே இருக்கும் ஃபைலின் ஓனரை அது மாற்றுவதில்லை. அதே டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு, டெஸ்க்டாப் ஃபைல் மேனேஜரில் கிளிக் செய்து திறந்தால் எல்லாம் படிக்க முடிகிறது! பின்னால் வேலை செய்யும் யூடிஸ்க்ஸ், ஐஎஸ்ஓ டிஸ்க் என்றால் யுஐடி (யூசர் எண்), ஜிஐடி (குரூப் எண்) என்ற இரண்டு ஆப்ஷனையும் மவுண்ட் கேட்ட யூசரின் எண்ணோடு சேர்த்துக் கொடுக்கிறது, அந்த யுஐடி ராக் ரிட்ஜில் பதிந்த ஓனரையும் மீறிவிடும். ரூட் அதிகாரத்தோடு செய்த மவுண்டில் கிடைக்காதது சாதாரண கிளிக்கில் கிடைத்தது இதனால்தான். கையால்தான் செய்வேன் என்றால் மைனஸ் ஓ போட்டு யுஐடி=1000,ஜிஐடி=1000 என்று சேர்த்துவிடுங்கள், அவ்வளவுதான். உங்கள் எண் என்ன என்பதை ஐடி என்ற கமாண்ட் சொல்லும்.

அதனால், ஒரே ஆள், ஒரே லேப்டாப், எதிரில் உட்கார்ந்து பார்க்கிறார் என்றால் என் ஓட்டு டெஸ்க்டாப் மவுண்டுக்குத்தான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

ராக் ரிட்ஜ் இல்லாத டிஸ்க்குகளுக்கு யூடிஸ்க்ஸ் ஃபைலுக்கு 0400, ஃபோல்டருக்கு 0500 என்று வைக்கிறது. உங்களுக்குப் படிக்க முடியும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, ஸ்கிரிப்ட் எதையும் நேரடியாக ஓட்ட முடியாது. அதோடு உபுண்டுவில் மவுண்ட் ஆகும் இடம் /மீடியா-வுக்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர், ஃபெடோராவில் /ரன்/மீடியா. அந்தப் பெயர் ஃபோல்டருக்குள் நீங்கள் மட்டும்தான் நுழையலாம். அல்சூரில் ஒரு தோழி வீட்டில் மினி பிசி ஒன்றில் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் வைத்து டிவியில் பழைய வீடியோக்களைப் பார்க்கிறார்கள். டிஸ்க்கில் உள்ள ஃபைல் எல்லாருக்கும் படிக்கிற மாதிரி 0444, ஆனாலும் ஜெல்லிஃபினுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃபிளாட் கதவு திறந்தே இருந்தாலும் கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விடாத கதை. இதைக் கண்டுபிடிக்க நேம்ஐ மைனஸ் எல் என்று கொடுத்து முழுப் பாதையையும் போட்டால், பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யார் ஓனர், என்ன பெர்மிஷன் என்று வரி வரியாக வரும். எந்த வரியில் தடை என்று பார்த்ததும் தெரியும். எல்லாரும் ஃபைலின் பெர்மிஷனையே முறைத்துப் பார்க்கிறார்கள், மேலே இருக்கும் ஃபோல்டரைப் பார்ப்பதில்லை.

டெர்மினலில் திறக்கிறது, ஒரு குறிப்பிட்ட ஆப்பில் மட்டும் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை. அந்த ஆப், கட்டுப்பாட்டுக்குள் ஓடும் ஸ்னாப் அல்லது ஃபிளாட்பேக் பேக்கேஜாக வந்ததா என்று பாருங்கள். ஸ்னாப் என்றால் ரிமூவபிள் மீடியா என்ற இணைப்பைக் கொடுக்க வேண்டும். டிஸ்க்கில் எந்தக் குற்றமும் இல்லை.

இன்னொன்று, எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது வேறு மெஷினிலிருந்து உள்ளே வந்தால் டெஸ்க்டாப் வசதி கிடைக்காது. ஸ்கிரீன் முன்னால் லாகின் செய்தவருக்குத்தான் லாகின்களைக் கவனிக்கும் லாகின்டி, டிஸ்க் டிரைவான /டெவ்/எஸ்ஆர்0 மேல் தனி அனுமதி கொடுக்கிறது, யாருக்கு என்ன உரிமை என்று பார்க்கும் போல்கிட்டும் அவரைத்தான் கேள்வி கேட்காமல் மவுண்ட் செய்ய விடும். தூரத்திலிருந்து யூடிஸ்க்ஸின் கமாண்டான யூடிஸ்க்ஸ்சிடிஎல் கொடுத்தால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். இங்கேதான் பலர் சிடிராம் குரூப்பில் சேர்த்துவிட்டு ஏன் இன்னும் மவுண்ட் ஆகவில்லை என்று குழம்புகிறார்கள். அந்த குரூப் டிரைவை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் விடும், மவுண்ட் செய்யும் உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, எஃப்எஸ்டேப். வீட்டில் எல்லாரும் பார்க்கிற மினி பிசி, அல்லது ஒரு சர்வீஸ் படிக்க வேண்டிய டிஸ்க் என்றால் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. மவுண்ட் ஆகும் இடத்தை நீங்களே தேர்வு செய்யலாம், யார் படிக்கலாம் என்பதையும் ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம். தோழி வீட்டு மெஷினுக்கு நான் சொன்ன ஆப்ஷன்கள் இவை: ஆர்ஓ (படிக்க மட்டும்), யூசர்ஸ் (யாரும் மவுண்ட் செய்யலாம்), நோஆட்டோ (பூட்டில் தானாக மவுண்ட் ஆகாது), யுஐடி, ஜிஐடி, மோட்=0444 (ஃபைல் பெர்மிஷன்), டிமோட்=0555 (ஃபோல்டர் பெர்மிஷன்), கூடவே ஓவர்ரைடுராக்பெர்ம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டு மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. மோட், டிமோட் இரண்டும் ராக் ரிட்ஜ் இல்லாத டிஸ்க்கில்தான் தானாக வேலை செய்யும், ராக் ரிட்ஜ் இருந்தால் கர்னல் டிஸ்க்கில் பதிந்த பெர்மிஷனையே மதிக்கும், எரர் எதுவும் காட்டாது. ஓவர்ரைடுராக்பெர்ம் சேர்த்தால்தான் நீங்கள் சொன்னது செல்லும். எண்களுக்கு முன்னால் இருக்கும் 0-வையும் விட வேண்டாம், அது இருந்தால்தான் ஆக்டல் எண்ணாக எடுத்துக்கொள்ளும்.

ராக் ரிட்ஜே வேண்டாம் என்று நோராக் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெர்மிஷன் தொல்லை போகும், ஆனால் நீளமான பெயர்களும் சேர்ந்து போகும். டிஸ்க்கில் ஜோலியட் இருந்தால் பிழைத்தீர்கள், அதிலும் தமிழ்ப் பெயர்கள் சரியாகத் தெரிய ஐஓசார்செட்=யுடிஎஃப்8 வேண்டும். ஜோலியட்டில் பெயருக்கு 64 எழுத்துதான், தமிழில் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் ‘திருமணம்’ என்ற ஐந்தெழுத்துப் பெயருக்கே 8 இடம் போய்விடும். நான் நோராக்கைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன்.

எஃப்எஸ்டேப்பில் கவனிக்க வேண்டியது இன்னும் உண்டு. யூசர், யூசர்ஸ் என்ற ஆப்ஷன்கள், எதையும் நேரடியாக ஓட்ட விடாத நோஎக்ஸிக்கையும் சத்தமில்லாமல் கூட்டி வரும். டிஸ்க்கில் உள்ள இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ஓட்டினால் ‘பெர்மிஷன் டினைட்’ வருவது இதனால்தான், பின்னால் எக்ஸிக் என்று சேர்த்தால் சரியாகும், இல்லையென்றால் எஸ்ஹெச் என்று முன்னால் போட்டு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். நோஆட்டோவும் இல்லாமல் நோஃபெயிலும் (டிரைவ் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடர விடுவது) இல்லாமல் எழுதினால், டிரைவைப் பிடுங்கி வைத்திருக்கிற நாளில் மெஷின் பூட் ஆகாமல், பூட்டைக் கவனிக்கும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். ஓவர்ரைடுராக்பெர்ம் ஐஎஸ்ஓ-வுக்கு மட்டும். டிவிடிகளில் வரும் இன்னொரு ஃபார்மேட்டான யுடிஎஃப் டிஸ்க்குக்குக் கொடுத்தால் மவுண்டே ஆகாது, அங்கே மோட், டிமோட் மட்டுமே போதும்.

டெபியன்காரர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டிஸ்க் டிரைவ் உள்ள மெஷினில் டெபியன் இன்ஸ்டாலர், எஸ்ஆர்0-வை /மீடியா/சிடிராம்0-இல் மவுண்ட் செய்யும்படி எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி எழுதி வைத்துவிடும், ஆப்ஷன் யூசர், நோஆட்டோ மட்டும். எஃப்எஸ்டேப்பில் வரி இருந்தால் யூடிஸ்க்ஸ் தன் சொந்த ஆப்ஷன்களை விட்டுவிட்டு அந்த வரியைத்தான் பின்பற்றும். அதாவது நீங்கள் ஃபைல் மேனேஜரில் கிளிக் செய்தாலும் யுஐடி சேராது, நோஎக்ஸிக் மட்டும் சேரும். உபுண்டுவில் திறந்த டிஸ்க் டெபியனில் திறக்கவில்லை என்றால் முதலில் அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் போட்டுவிட்டுப் பாருங்கள்.

நான்காவது வழி, இமேஜ். பழைய டிஸ்க் என்றால் எனக்கு இதுதான் முதல் தேர்வு, பெர்மிஷனுக்காக மட்டும் சொல்லவில்லை. பழுதான டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்கும் டிடிரெஸ்க்யூவில் செக்டர் அளவை 2048 என்று கொடுத்து ஒரே தடவையில் முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்துவிட்டால், கீறல் விழுந்த டிஸ்க்கை மறுபடி மறுபடி சுழற்ற வேண்டியதில்லை. இதற்கு டிரைவைப் படிக்கும் அனுமதி இருந்தால் போதும், மேலே சொன்ன சிடிராம் குரூப் இங்கேதான் உதவும். அப்புறம் பிஎஸ்டிடார் அந்த இமேஜை ரூட் இல்லாமலேயே பிரித்துக் கொடுக்கும், ஃபைல்கள் உங்கள் பெயரிலேயே வரும், டிஸ்க்கில் 500 இருந்தாலும் 1000 இருந்தாலும் கவலையில்லை. இடம் வேண்டும், நேரமும் வேண்டும், அது உண்மை. ஒரு ஃபைலை மட்டும் எட்டிப் பார்க்க இவ்வளவு தேவையில்லை. ஆடியோ சிடிக்கு இது ஆகாது, அதில் ஃபைல் சிஸ்டமே கிடையாது, அதற்கு சிடிபாரனோயா.

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு இடத்தில் எல்லாரும் மாட்டுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்த ஃபைலைத் திருத்த முடியவில்லை, ஃபோல்டரை அழிக்கவும் முடியவில்லை. டிஸ்க்கில் எழுதும் அனுமதி இல்லாத ஃபோல்டர், சிபி மைனஸ் ஆர் கொடுக்கும்போது அதே பெர்மிஷனோடு வந்துவிடுகிறது. சொந்த ஃபோல்டரில் சொந்த ஃபைலை அழிக்க சூடோ தேடுவார்கள். வேண்டாம். சிஎச்மோட் மைனஸ் பெரிய ஆர், யு+ஆர்டபிள்யூ-வோடு பெரிய எக்ஸ், அவ்வளவுதான். பெரிய எக்ஸ் என்பதால் ஃபோல்டருக்கும் ஏற்கெனவே ஓடக்கூடிய ஃபைலுக்கும் மட்டும் எக்ஸிக்யூட் கிடைக்கும், போட்டோ ஒவ்வொன்றும் புரோகிராம் ஆகாது. முன்கூட்டியே தவிர்க்க வேண்டும் என்றால் சிபி-யோடு நோ-ப்ரிசர்வ்=மோட் சேர்த்துவிடுங்கள்.

இன்றும் டிஸ்க் ரைட் செய்து கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐஎஸ்ஓ இமேஜ் உருவாக்கும் ஜென்ஐசோஇமேஜில் பெரிய ஆர் கொடுத்தால் உங்கள் மெஷினின் ஓனர் எண்ணும் பெர்மிஷனும் அப்படியே டிஸ்க்கில் போகும், சின்ன ஆர் கொடுத்தால் ஓனர் 0, எல்லாரும் படிக்கலாம் என்று பதியும். டிஸ்க் ரைட் செய்யும் ஆப்பான கே3பி-யிலும் ஃபைல் பெர்மிஷனைக் காப்பாற்று என்று ஒரு டிக் உண்டு, முழு சிஸ்டம் பேக்கப் தவிர வேறு எதற்கும் அதைத் தொடாதீர்கள். சித்தப்பா இப்போது தன் பேரனுக்காக ரைட் செய்கிற டிஸ்க்குகள் எல்லாம் சின்ன ஆர்தான்.